லேட்டானால் எல்லாம் டக் ஓட்டுபவர் தலையில்தான் விடிகிறது

நம் மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த ஒருவர், கண்ணாடி வழியாக ஒரு வீடியோ எடுத்து எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். "வண்டியை மாட்டிட்டு நின்னு கதை பேசிட்டு இருக்காங்க, இவங்களாலதான் லேட்டு." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். விமானத்தைப் பின்னால் தள்ளும் அந்த மாதிரி டக் வண்டியை வளைகுடாவில் சில வருடம் ஓட்டியவன் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவில் வண்டிப் பக்கத்தில் நிற்பவர் பேசிக்கொண்டிருந்தது விமானியோடு. காதில் ஹெட்செட், அதன் ஒயர் விமான மூக்குக்குக் கீழே செருகியிருப்பது வீடியோவிலேயே தெரிகிறது.

பெரிய ஜெட் விமானம் தானாகப் பின்னால் போகாது. இஞ்சினை ரிவர்ஸில் போட்டால் நகரும்தான், ஆனால் தரையில் கிடக்கும் கல்லும் மண்ணும் ஆட்கள் மேலும் கண்ணாடி மேலும் பறக்கும், இஞ்சினுக்குள்ளேயும் போகும். அதனால் டக் என்கிற வண்டி வந்து தள்ள வேண்டும். ஏர்பஸ் ஏ320 நியோ அதிகபட்சம் 79 டன் வரை எடையோடு கிளம்பும். இறக்கைகளின் அகலம் முனைக்கு முனை கிட்டத்தட்ட 36 மீட்டர். பின்னால் என்ன இருக்கிறது என்பது விமானிக்குத் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் அவருடைய கண் கீழே நிற்பவர்கள்தான்.

தள்ளும் முன்னே முன்சக்கரத்தில் பைபாஸ் பின் என்று ஒரு கம்பியைச் செருகுவார்கள். அது விமானத்தின் ஸ்டியரிங்கைத் துண்டித்துவிடும். செருகாமல் விட்டு, மேலே ஹைட்ராலிக் அழுத்தம் ஏறினால் சக்கரம் தானாகத் திரும்பும், டக்கையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் டோ பார் என்கிற தண்டு பக்கவாட்டில் வீசும், கிட்டே நிற்பவன் கால் போகும். டோ பாரில் ஷியர் பின் என்று இன்னொன்று. அளவுக்கு மீறி இழுத்தால் அது உடைந்து முன்சக்கரத்தைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற அப்படி ஒரு பின் கிடையாது. டக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நிற்காதே, டோ பாரைத் தாண்டாதே என்று கத்திக் கத்தித்தான் புதுப் பையன்களைப் பழக்குவோம்.

ஆள் ஏறாத விமானத்தை இடம் மாற்ற இழுத்துப் போவது வேறு கதை. அப்போது பிரேக்குக்கென்றே ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். இஞ்சின் ஓடாததால், சேமித்து வைத்த அழுத்தம் பிரேக்குக்குப் போதுமா என்று பார்த்த பிறகுதான் வண்டியே நகரணும்.

இவ்வளவும் தெரிந்தவர்களே தவறுகிறார்கள். ஏன்? என் கருத்தில் முக்கியக் காரணம் கடிகாரம். விமானம் "கிளம்பிய நேரம்" என்று கணக்கில் ஏறுவது, நின்ற இடத்தை விட்டு அது நகர்ந்த நேரம். ஓடுபாதையிலிருந்து எழும்பிய நேரம் இல்லை. பயணி தாமதமாக வந்தார், பெட்டி ஏற்ற நேரமாகிவிட்டது, முந்தைய ஊரிலிருந்தே விமானம் பிந்தி வந்தது, எல்லாம் சேர்ந்து கடைசியாக வந்து இறங்குவது டக் ஓட்டுபவரின் தலையில். மற்ற எல்லாருடைய தாமதத்தையும் அவர் இரண்டு நிமிடத்தில் ஈடுகட்ட வேண்டும். அதுவும் பல இடங்களில் காண்ட்ராக்ட் சம்பளத்துக்கு.

2015 டிசம்பர் 16 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்றைத் தள்ளி முடித்த பிறகு, கீழே இருந்தவர்கள் விலகிவிட்டதை உறுதி செய்துகொள்ளாமலே விமானம் நகர்ந்தது. இஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்ற டெக்னீஷியன் உள்ளே இழுக்கப்பட்டு இறந்தார். இதைத் தடுக்கத்தான் அந்தக் கடைசிச் சடங்கு இருக்கிறது. பார்க்கிங் பிரேக் போட்டாயிற்றா என்று கேட்டு, டோ பாரைக் கழற்றி, டக் விலகி, ஹெட்செட்காரர் ஓரமாகப் போய் நின்று, சிவப்பு ரிப்பன் தொங்கும் அந்தப் பைபாஸ் பின்னைத் தூக்கிக் காட்டி, கட்டை விரலை உயர்த்த வேண்டும். விமானி பதிலுக்குக் கை காட்ட வேண்டும். பார்க்க வெட்டி வேலை மாதிரிதான் இருக்கும்.

2022 மார்ச் 28 அன்று டெல்லியில் ஸ்பைஸ்ஜெட் விமானத்தைப் பின்னால் தள்ளும்போது இறக்கை மின்கம்பத்தில் இடித்தது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இறக்கை முனைக்கு ஓர் ஆள் நடந்து வருவது இதற்காகத்தான். விங் வாக்கர் என்பார்கள். ஆள் குறைப்பு என்று வந்தால் பல இடங்களில் முதலில் கை வைப்பது இவர்கள் மேல்தான்.

சித்திரைத் தேர் மாசி வீதி முக்கில் திரும்பும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரைப் பாருங்கள். அவர் கையைத் தூக்கினால் வடம் பிடித்த அத்தனை பேரும் நிற்கிறார்கள். சீக்கிரம் இழுங்கப்பா என்று அவரிடம் யாரும் கத்துவதில்லை. அந்த மரியாதை ஏப்ரானில், அதாவது விமானங்கள் நிற்கும் தளத்தில், நிற்பவருக்கும் வேண்டும். அவர் "நிறுத்து" என்றால் நிற்கணும், ஏன் நிறுத்தினாய் என்று அன்றைக்கே விளக்கக் கடிதம் கேட்கக் கூடாது.

மதுரையில் நாம் பேசுவதெல்லாம் ஓடுபாதை நீளம், சர்வதேச அந்தஸ்து. பேச வேண்டியதுதான், 7,500 அடி ஓடுபாதை போதாதுதான். 24 மணி நேர இயக்கம் என்று 2024-இல் அறிவிப்பும் வந்தது. சரி, ராத்திரியிலும் விமானத்தைத் தள்ளப்போகிறவர்கள் யார்? அவர்களுக்கு ஓய்வு எத்தனை மணி நேரம்?

ஆட்களைக் கூட்டினால் டிக்கெட் விலை ஏறும் என்று கமெண்டில் ஒருவர் வருவார், தெரியும். ஓர் இறக்கையைச் சரிசெய்ய ஆகும் செலவில் எத்தனை விங் வாக்கருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

எம்.பி. தலைமையில் விமான நிலைய ஆலோசனைக் குழு கூடும்போது கேட்க என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விமானத்தைப் பின்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் இரண்டு இறக்கைக்கும் ஆள் நிற்கிறார்களா? கீழே நிற்பவர் நிறுத்தச் சொன்னதால் ஆன தாமதத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்? குழுவில் இருப்பவர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இதைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் நல்லது.