பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் குற்றமா?

அந்த பஸ் வீடியோவை இன்றைக்குக் காலையிலும் ஒருத்தர் எனக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே, "உங்களை மாதிரி அம்மாமார் பார்க்கணும்" என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இனி முடியாது.

எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கதை சொல்ல வேண்டியதில்லை. ஒரு அம்மா, ஒரு பையன், ஒரே போன், ஆளுக்கொரு காதில் இயர்போன். பையன் எதையோ தொட்டுக் காட்டுகிறான், அம்மா சிரிக்கிறாள். அவ்வளவுதான். இதை யாரோ படம் பிடித்துப் போட்டு, "பிள்ளையைக் கெடுக்கும் தாய்" என்று தலைப்பு. அடியில் வண்டி வண்டியாக வசவு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அவள் பிள்ளையோடு சேர்ந்து பார்த்தாள். போனை அவன் கையில் திணித்துவிட்டுத் தூங்கவில்லை, சேர்ந்து பார்த்தாள். அவன் என்ன பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். நம் வீடுகளில் எத்தனை பேருக்குப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று தெரியும்? அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தால், பையன் தனியாக எதை வேண்டுமானாலும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒருவரும் வீடியோ எடுத்திருக்க மாட்டார்கள். அது தினமும் நடப்பது, கண்ணிலேயே படாது. சேர்ந்து பார்த்ததுதான் உறுத்தியிருக்கிறது.

அந்த பஸ்ஸில் மார்த்தாண்டத்தில் ஏறி நாகர்கோவில் வடசேரி வந்து சேர்வதற்குள் தக்கலை, வில்லுக்குறி, சுங்கான்கடை என்று ஒவ்வொரு இடத்திலும் வண்டி நிற்கிற நிற்பு எல்லாருக்கும் தெரியும். அந்த நெரிசலில் சின்னப் பையனோடு உட்கார்ந்திருக்கிற அம்மா என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? திருக்குறள் ஒப்புவிக்கச் சொல்ல வேண்டுமா?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அவர் சவுதியில் இருக்கிறார். என் மகள் தவழ்ந்தது, நடந்தது, முதல் பல் விழுந்தது எல்லாவற்றையும் அவர் போனில்தான் பார்த்தார். அவருக்கு டூட்டி முடிந்து அறைக்கு வரும்போது இங்கே மணி எட்டரை. போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைப்போம். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். போன மாதம் அவளுக்குப் பின்னக் கணக்கு மண்டையில் ஏறவே இல்லை. நான் சொல்லிக் கொடுத்து ஓய்ந்துவிட்டேன். அவர் அங்கே சாப்பிட வைத்திருந்த குப்பூஸ் ரொட்டியை கேமரா முன்னால் தூக்கிப் பிடித்து, "மக்களே, இங்க பாரு" என்று நாலாகப் பிய்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப மீதி எவ்வளவு?" என்று கேட்டார். இவள் தன் தட்டிலிருந்த தோசையை அதே மாதிரி நாலாகக் கிழித்து, ஒன்றைத் தின்றுவிட்டு, "நாலில் மூணு!" என்று கத்தினாள். இரண்டு ஊர், இரண்டு தட்டு, ஒரு கணக்கு. இதையும் யாராவது ஜன்னல் வழியே படம் பிடித்திருந்தால் என்ன தலைப்பு வைத்திருப்பீர்கள்? "சாப்பிடும்போதும் போன் கொடுக்கும் தாய்" என்றுதானே?

இது என் வீட்டோடு போகிற விஷயமில்லை. நம் குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஒரு ஆள் இல்லாத தெரு எது? தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரையை விட்டால் வாரக்கணக்கில் சிக்னலே கிடையாது. கொச்சியில் கரை பிடித்த பிறகுதான் அப்பாவின் குரலே வரும். அந்தப் பஸ்ஸில் அவர்கள் பார்த்தது அப்பா அனுப்பிய வீடியோவாக இருந்தால்? இல்லை, கார்ட்டூனாகவே இருக்கட்டும். எடுத்தவர் கேட்டாரா? எழுந்து போய், "என்ன தாயி பார்க்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை?

உடனே ஒரு அண்ணாச்சி வருவார். "உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது." சொல்லியிருக்கிறது, படித்தேன். 2019-இல் வந்த அந்த அறிவுரை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நானும் ஒத்துக்கொள்கிறேன். கைக்குழந்தைக்குச் சோறு ஊட்ட போனை நீட்டுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு எட்டு வயதாவது இருக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016-இல் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். சின்னப் பிள்ளைகளோடு பெற்றோரும் கூட உட்கார்ந்து பாருங்கள், பார்ப்பதை விளக்கிச் சொல்லுங்கள் என்கிறார்கள். ஒன்றரை வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக்கூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறார்கள். பாதியை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள்.

"ஆஸ்திரேலியாவிலேயே தடை போட்டாச்சு" என்று இன்னொருவர். 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகத்தில் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அதுதான் சட்டம். 2025 டிசம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. அபராதம் கம்பெனிகளுக்குத்தான், பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. அங்கே கம்பெனியின் சட்டையைப் பிடிக்கிறார்கள். இங்கே பஸ்ஸில் போகிற பெண்ணின் முகத்தைப் பிடித்துப் போடுகிறீர்கள்.

சேர்ந்து பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் வீடியோ போட்டார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த அந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் உடைந்து ஆட்கள் கடலில் விழுகிறார்கள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. என் மகள் பக்கத்தில் இருந்தாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, "அம்மா, வள்ளுவருக்க கை தப்பா இருக்கு" என்றாள். பார்த்தால், ஆமாம். வலது கையில் மூன்று விரல் உயர்த்தி நிற்கும் சிலையை, கை முழுக்க விரித்து நிற்பதாகக் காட்டியிருந்தது. செயற்கை நுண்ணறிவில் செய்த பொய். அதற்குள் அந்தக் குழுவில் பாதிப் பேர் அதை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள், எல்லாரும் பெரியவர்கள். "பிள்ளைகள் கையில் போன் கொடுக்காதே" என்று எனக்குப் புத்தி சொல்கிறவர்களும் அதில் உண்டு.

இது அவளுக்குத் தானாக வந்ததா? நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்து, இது விளம்பரம், இது நடிப்பு, இந்த மனிதர் சாமான் விற்கப் பேசுகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்து வந்தது. தனியாக விட்டிருந்தால் வந்திருக்குமா?

போன் பிள்ளை கைக்கு எப்படி வந்தது என்பதையும் மறந்துவிட்டீர்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தது. ஒன்றரை வருடத்துக்கு மேல் பாடம், பரீட்சை, வருகைப் பதிவு எல்லாம் போனில். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து போன் வாங்கிய அம்மாமாரை எனக்குத் தெரியும். அன்றைக்கு வாங்கிக் கொடுக்காதவள் பொறுப்பில்லாதவள். இன்றைக்குக் கொடுக்கிறவள் பொறுப்பில்லாதவள். இப்போதும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்து விழுகிறது. அதை யார் பார்ப்பது? நாங்கள்தான், அம்மாமார்.

அந்தப் பின்னூட்டங்களில் ஒன்றிலாவது "அப்பா எங்கே?" என்று ஒரு கேள்வி உண்டா? தேடிப் பார்த்தேன், இல்லை. டீக்கடை பெஞ்சில் தலை நிமிராமல் ரீல்ஸ் பார்க்கிறவரை யாரும் படம் பிடிப்பதில்லை. வீட்டில் டிவி சத்தத்தை ஊருக்கே கேட்கும்படி வைத்து விவாதம் பார்க்கிற தாத்தாவும் யாரையும் கெடுப்பதில்லை. கெடுப்பது அம்மா மட்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதல் இடம் என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிற மாவட்டம் இது. படித்தவர்கள் எழுதிய வசவுகளைத்தான் நான் இத்தனை நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவளுக்கு ஒரு மாமியார் இருப்பார், நாத்தனார் இருப்பார், வெளிநாட்டிலோ கடலிலோ ஒருவேளை கணவர் இருப்பார். அவர்கள் போனுக்கும் இந்த வீடியோ போயிருக்கும். அந்தப் பையனின் வகுப்பில் யாராவது காட்டியிருப்பார்கள். அனுமதி இல்லாமல் ஒரு பெண்ணையும் குழந்தையையும் போனில் பிடித்து, முகத்தைக்கூட மறைக்காமல் ஊருக்கே போட்டவருக்கு போன் ஒழுக்கம் பற்றிப் பேச என்ன உரிமை?

அந்தப் பதிவை நான் ரிப்போர்ட் செய்துவிட்டேன். நீங்களும் செய்யுங்கள். பகிர்ந்தவர்கள் இன்றைக்கே நீக்குங்கள், அந்தப் பையன் முகத்துக்காகவாவது. என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் கீழே வாருங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் அந்த வீடியோவின் லிங்கை என் பக்கத்தில் யார் போட்டாலும், சொந்தக்காரர் என்று பார்க்க மாட்டேன், பிளாக் செய்துவிடுவேன்.