‘ஆர்சி’ பதிப்பு தானாக வந்து கணினியைக் கெடுத்துவிடுமா?

“புதிய லினக்ஸ் கெர்னலில் ஏராளமான பிழைகள் இருப்பதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அது தானாக உங்கள் கணினிக்கு வந்துவிடும், புதுப்பித்தலை உடனே நிறுத்துங்கள்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. அந்தச் செய்தி தவறு.

செய்தியோடு வரும் படத்தை உற்றுப் பாருங்கள். பதிப்பு எண்ணின் வாலில் ‘ஆர்சி1’ என்று ஒட்டியிருக்கிறது. ‘ரிலீஸ் கேண்டிடேட்’ என்பதன் சுருக்கம் அது, சோதிப்பதற்கென்றே வெளியிடப்படுவது. புதிய மாற்றங்களைச் சேர்க்க ஏறத்தாழ 2 வாரங்கள். அது முடிந்ததும் ஆர்சி1. பிறகு வாரத்துக்கு ஒன்றாக, வழக்கமாக ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை போகும். அதன் பிறகே இறுதிப் பதிப்பு.

இடைப்பட்ட வாரங்களில் பிழைகள் குவியத்தான் செய்யும். அவற்றைப் பிடிக்கத்தானே இத்தனை சீக்கிரம் கதவைத் திறக்கிறார்கள்! யாரோ ஒருவருடைய பழைய ஒலி அட்டை ஊமையாகிப்போனதை, அந்த அட்டை கையில் இருப்பவர் சோதித்துச் சொன்னால்தான் உண்டு. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனும் தன் வெளியீட்டைத் தடுக்கும் பிழைகளின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படியே வைத்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால், கெர்னல் வெளியிடப்படும் கெர்னல்.ஆர்க் தளத்தின் முகப்பைப் பாருங்கள். ‘ஸ்டேபிள்’ (நிலையானது), ‘லாங்டெர்ம்’ (நீண்டகாலம் பராமரிக்கப்படுவது) என்ற வரிசைகளில் உள்ள எண்களில் ‘ஆர்சி’ இருக்காது. டெபியன் போன்றவற்றின் நிலைப்பதிப்பைப் பயன்படுத்துவோருக்கு ஆர்சி கெர்னல் தானாக வராது. புதுப்பித்தலை நிறுத்தினால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். அதனால் இந்தச் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம்; அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.