கண்ணை உறுத்திய எழுத்து

அழைப்பிதழ் ஒன்றின் ஆங்கிலப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த நண்பர், "இந்த எழுத்து கண்ணை உறுத்துகிறது, பேசாமல் டைம்ஸ் நியூ ரோமன் போட்டுவிடு" என்றார். போட்டிருந்ததே அதுதான். சிரித்துவிட்டேன். அன்று முதல் அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளின் என்னைவிடப் பக்குவமானவர். 1760 வாக்கில் லண்டனில் ஒரு கனவான் அவரிடம், அச்செழுத்து வடித்த ஜான் பாஸ்கர்வில்லைப் பற்றி, "பாஸ்கர்வில் தம் எழுத்தால் நாட்டில் படிக்கிறவர்கள் எல்லாரையும் குருடாக்கிவிடுவார், கோடுகள் அவ்வளவு மெல்லிசு" என்று குறைப்பட்டார். பிராங்க்ளின் உள்ளே போய், இன்னொரு எழுத்து வடிப்பாளரான காஸ்லானின் எழுத்து மாதிரித் தாளை எடுத்து, மேலே இருந்த பெயரை மட்டும் கிழித்துவிட்டு, பாஸ்கர்வில்லின் தாள் என்று நீட்டினார். கனவான் எழுத்து எழுத்தாகக் குற்றம் கண்டுபிடித்தார், கண் வலிக்கிறது என்றும் சொன்னார். அவர் தினமும் வலியில்லாமல் படித்துக்கொண்டிருந்தது காஸ்லான் எழுத்தைத்தான்! அவர் கூசிப்போகக் கூடாது என்று பிராங்க்ளின் உண்மையைச் சொல்லவில்லை. பாஸ்கர்வில்லுக்கு மட்டும் கடிதத்தில் எழுதினார்.

வில்லியம் காஸ்லான் துப்பாக்கிகளில் சித்திரம் செதுக்கியவர். எஃகு முனையில் எழுத்தைத் தலைகீழ்ப் பிம்பமாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றும் வேலைக்கு அந்தக் கை பொருந்திப்போனது. (அவரிடம் அரபு எழுத்துச் செய்யச் சொன்ன எஸ்பிசிகே என்ற கிறித்தவச் சங்கம்தான் தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது.) டச்சுக்காரர்கள் வார்த்த அச்செழுத்தை வாங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து, 1734இல் அவர் மாதிரித் தாள் வெளியிட்டபின் உள்ளூர் எழுத்துக்குத் திரும்பியது. காஸ்லானின் எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்த்தால் சில கோணல்தான். வரியாக ஓடும்போது குறை தெரியாது.

என் ஓட்டு பாஸ்கர்வில்லுக்கே. பர்மிங்காமில் மெருகுத் தட்டுகள் விற்றுச் சம்பாதித்ததை எழுத்தில் கொட்டியவர் அவர். 1757இல் அவர் அச்சிட்ட ரோமானியக் கவி வெர்ஜிலின் நூலுக்குச் சொந்தமாகக் கரிய மை தயாரித்தார், அச்சான தாளைச் சூடாக அழுத்தி வழவழப்பாக்கினார். அவருடைய சின்ன 'ஜி'யை உற்றுப் பாருங்கள்: கீழ்வளையம் மூடாமல், சற்றே வாய் திறந்து நிற்கும். 'க்யூ'வின் வால் அடுத்த எழுத்தின் அடியில் வாளாக வீசும். மெல்லிசும் தடிப்பும் அருகருகே வரும் அந்தத் துணிச்சலைத்தான் ஊர் வியாதி என்றது. புகழ் வந்த அளவு பணம் வரவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக 1763இல் அச்சிட்ட பைபிளில் நஷ்டம்தான் மிச்சம்.

1775இல் அவர் இறந்தார். எழுத்துகளை வாங்க இங்கிலாந்தில் ஆள் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் மனைவி சாரா, வால்டேரின் நூல்களை அச்சிடவிருந்த பிரெஞ்சுக்காரர் போமார்ஷேவுக்கு அவற்றை விற்றார். எஃகு அச்சுகள் பிரான்சில் கை மாறி மாறிக் கிடந்தன. 1953இல் ஒரு பாரிஸ் எழுத்து வார்ப்பகம் அவற்றை இங்கிலாந்துக்கே அன்பளிப்பாகத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகத்துக்கு.