பலகாரத்தைப் பலகாரமாக விடுங்கோ

எங்கட யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டைப் பற்றி யார் வீடியோ போட்டாலும் இப்போது கூடவே, இது இன்ன வருத்தத்துக்கு மருந்து என்று ஒரு நோயின் பெயரும் வந்துவிடுகிறது. உழுத்தங்களி என்றால் கர்ப்பப்பை, குரக்கன் (கேழ்வரகு) என்றால் நீரிழிவு, ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) என்றால் புற்றுநோய். எள்ளுப்பாகை நிம்மதியாகக் கடிக்க முடியவில்லை, அதற்கும் எலும்புத் தேய்மானத்தைக் கட்டிவிட்டார்கள்.

எள்ளுப்பாகுக்கு என்ன பெரிய வேலை? எள்ளைக் கழுவிக் காயவிட்டு, சட்டியில் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, வறுத்த உழுத்தம்மாவும் பனங்கட்டியும் (பனங்கருப்பட்டி) சேர்த்து எண்ணெய் கசியும்வரை உரலில் இடித்து உருட்ட வேண்டியதுதான். உரல் இல்லையா, கிரைண்டரில் விட்டுவிட்டு அடியுங்கோ, ஒரேயடியாக ஓட்டினால் களியாகிவிடும். ருசிக்காகச் செய்கிற சாமான் இது. ருசி என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

பனங்கட்டி விசயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். "சீனி வருத்தக்காரருக்கு, நீரிழிவுக்காரருக்கு, இது பாதகமில்லை" என்று படித்த ஆட்களே சொல்கிறார்கள். கருப்பணியை, அதாவது பதநீரை, வற்றக் காய்ச்சி எடுப்பதுதானே பனங்கட்டி, அதில் பெரும்பங்கு நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற அதே சர்க்கரைதான், கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்கலாம், அவ்வளவே. பனையோலைக் குட்டானுக்குள் வைத்துக் கட்டினதால் அது இரத்தத்தில் ஏறாமல் நிற்காது.

உழுத்தங்களியும் அப்படித்தான். பிள்ளை சாமத்தியப்பட்டால் நல்லெண்ணெயோடு வாய்க்குள் திணிப்பார்கள், அதே வீட்டுப் பெடியன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? வறுத்த உழுத்தம்மாவில் பாதியளவு அரிசிமா, தேங்காய்ப்பாலில் கட்டிபடாமல் கரைத்து, பனங்கட்டி போட்டு மெல்லிய நெருப்பில் கிண்டி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்போது நல்லெண்ணெய் விட்டு இறக்குங்கோ. மழை நாளில் பின்னேரம் நாலு மணிக்கு இதைவிட என்ன வேண்டும்.

சரி, மருந்துக்கு வருவோம். மல்லித்தண்ணிக்கு நான் எதிரி இல்லை. கொத்தமல்லி ஒரு பிடி, தட்டின வேர்க்கொம்புத் (சுக்கு) துண்டு, நாலைந்து மிளகு, இரண்டு தம்ளர் தண்ணீர் ஒன்றாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும், உடம்புக்குத் தண்ணீரும் போகும். சளித் தடிமனுக்கு அது காணும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதும் பெரியவர்களுக்குச் சரி, சின்னப் பிள்ளையைக் கொதிதண்ணிச் சட்டிக்கு முன் போர்வைக்குள் இருத்தாதேங்கோ, சுட்டுவிடும்.

ஆனால் மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் தொடங்கும். அந்த நேரத்தில்தான் பப்பாசி இலைச் சாறு, நிலவேம்பு என்று தொலைபேசி நிறையத் தகவல் வரும். டெங்கில் பயப்பட வேண்டிய நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். உடம்பு குளிர்ந்ததும் "கசாயம் வேலை செய்துவிட்டது" என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல்படுவார்கள், அதே நேரம் உள்ளே இரத்தக் குழாய்களில் இருந்து நீர் கசியத் தொடங்கியிருக்கும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாமல் இருந்தால் இரத்தம் சோதியுங்கோ. காய்ச்சல் விட்ட பிறகும் வயிற்றுக்குத்து, தொடர்ந்த சத்தி (வாந்தி), சோர்வு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினும் ஐபுப்ரூபனும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும்.

இன்னொன்று, பனம்பழம் விழுகிற காலத்தில் பணியாரம் சுடப்போகிறவர்களுக்கு. பழத்தைப் பிழிந்தெடுத்த பனங்களியை முதலில் சீனியோடு நன்றாகக் காய்ச்சி ஆறவிட்டுத்தான் மாவைச் சேர்க்க வேண்டும், பச்சைக் களியில் குழைத்தால் கசக்கும். மா கூடினால் கல்லு. பனங்காய்ப் பணியாரத்துக்கு என்ன மருத்துவக் குணம் என்று மட்டும் கேட்காதேங்கோ, எண்ணெயில் பொரித்த மா அது.