ஆமென் வராத ஜெபம்

போன சனிக்கிழமை பெங்களூர் கம்மனஹள்ளியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் நாசரேத் பக்கம். போதகர் பைபிளில் பவுல் எழுதிய எபேசியர் நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்தார். எங்கே ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். 22-ஆம் வசனம், ‘மனைவிகளே... உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்.’ அப்புறம் பந்தியில் எதிரே இருந்த அண்ணாச்சி மனைவியைப் பார்த்து, “ஐயா சொன்னது காதுல விழுந்துச்சா?” என்று சிரித்தார். அந்த அக்கா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு வசனம் முன்னால் போயிருக்கலாம். ‘தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்கிறது 21. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ல் ‘கீழ்ப்படியுங்கள்’ என்ற வினைச்சொல்லே கிடையாது. 21-லிருந்து வந்து ஒட்டிக்கொள்வதுதான். மனைவிக்கு மூன்று வசனம் சொல்லிவிட்டு, 25-லிருந்து புருஷன்மாரைப் பிடிக்கிறார் பவுல், லேசில் விடுவதில்லை. கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல அன்புகூர வேண்டுமாம். அண்ணாச்சி அதற்குள் கண் அசந்திருப்பார்.

அண்ணாச்சியைச் சொல்ல எனக்கும் யோக்கியதை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஊரில் இருக்கும் தம்பிக்கு ஐம்பதாயிரம் அனுப்பினேன். மனைவியிடம் சொல்லவில்லை. கூட்டுக் கணக்கு என்பது நினைவில்லை. வங்கி மெசேஜ் அவள் போனுக்கும் போய்விட்டது. அவள் சண்டை போடவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வழக்கம்போல குடும்ப ஜெபம். ‘நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்’ என்று சட்டம் போட்டு மாட்டிய வசனத்துக்குக் கீழே உட்கார்ந்து, தேசத் தலைவர்கள், மிஷனெரிகள், விதவைகள் என்று நீட்டி முழக்கினேன். முடித்ததும் மகள் மட்டும் ஆமென் சொன்னாள். மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

காணிக்கையைப் பீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போக எனக்கு மூன்று நாள் ஆனது. சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணியவேண்டுமாம். பெங்களூரில் சூரியன் அஸ்தமிக்கும்போது நான் சில்க் போர்டு சிக்னலில் அல்லவா நிற்கிறேன்!

மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: “தம்பிக்குக் குடுத்தது தப்பில்லை. நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்னு நினைச்சீங்க பாருங்க, அதுதான்.”

உண்மையுள்ள புருஷன் என்றால் வேறொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்காதவன் என்று நினைத்துக்கொள்கிறோம். சரி, அது குறைந்தபட்சம். கடன் எவ்வளவு, யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதை மறைக்கிறவனும் உண்மையில்லாதவன்தான். ‘தகப்பனையும் தாயையும் விட்டு’ என்று ஆதியாகமத்தில் இருக்கிறதே, அது அவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. இனி முடிவெடுப்பது இந்த இரண்டு பேர் என்கிறது. நாங்களோ ராத்திரி பஸ் ஏறி பெங்களூர் வந்ததையே ‘விட்டு வந்தது’ என்று கணக்கு வைத்துக்கொண்டோம். கல்யாணத்துக்கு முன் ஆராதனையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிற அந்த மூன்று வாரத்தில் சபையார் ஜோடியை உட்கார வைத்து, மண்டபச் செலவை விட்டுவிட்டு, கடன் பாக்கியைப் பற்றிப் பேச வைத்தால் நல்லது.

இப்போதெல்லாம் தம்பி கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போடுகிறேன். பிள்ளைகள் படிப்பு, அத்தை முழங்கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு, “அந்த ஐம்பதாயிரம் எப்போ தம்பி தருவீங்க?” என்று என் மனைவி பட்டென்று கேட்கிறாள். இரண்டு வருடமாக என் வாயில் வராத கேள்வி அது.