வாசனை போன பத்து மாசம்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு ட்ரெய்னிங். தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி நன்றி சொல்ற மாதிரி மூணு விஷயம் டைரில எழுதணுமாம். நானும் நாலு நாள் எழுதுனேன். குடும்பம், உடம்பு, வேலை. மறுநாளும் அதே மூணுதான். வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன்.

எனக்கு அந்தப் பாடம் 2021 மே மாசமே நடந்துருச்சு. ரெண்டாவது அலைல கொரோனா, அஞ்சாறு நாள்ல காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. ஊர்ல எத்தனையோ வீட்ல ஆளே போயிட்டாங்க, இதெல்லாம் ஒரு கஷ்டமான்னு வெளிய சொல்லவே கூச்சம். கடையெல்லாம் திறந்ததும் முதல் வேலையா அக்ரஹாரம் பக்கம் போய் ஒரு தட்டுவடை செட் வாங்குனேன், ரெண்டு வடைக்கு நடுவுல பீட்ரூட் கேரட் துருவல், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி எல்லாம் பார்க்க அப்படியே இருக்கு, வாய்ல போட்டா மொறுமொறுப்பும் எரிச்சலும் மட்டும்தான். காரம்ங்கறது ருசியே இல்லியாம், எரியற வலிதானாம், அதுக்கு மூக்கு தேவையில்ல, அதான் அது மட்டும் மிச்சம் இருந்துருக்கு. புதினா இல்ல, பூண்டு இல்ல. சேலத்துக்காரனுக்கு இதவிட என்ன தண்டனை வேணும்? அடுப்புல பால் தீய்ஞ்சு பாத்திரம் கருகற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து போன் பார்த்துட்டு இருந்துருக்கேன், வீட்டம்மா கொல்லைல இருந்து ஓடி வந்து திட்டுனப்பதான் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்தது இன்னும் கொடுமை. காபி டம்ளரை எடுத்தா ரப்பர் எரியற நாத்தம். இப்படி நிறைய பேருக்கு ஆச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன்.

2022 ஏப்ரல்ல ஒரு சோலியா ஏற்காடு போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி மேல போயி ஒரு எஸ்டேட் ஓரமா வண்டிய நிறுத்துறேன், சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி சுத்தியிருக்கு, கீழ காபிச் செடி முழுக்க பனி கொட்டுன மாதிரி வெள்ளைப் பூ. கோடை மழை பேஞ்சு எட்டுப் பத்து நாள்ல ஒட்டுமொத்தமா பூக்கும், ரெண்டு மூணு நாள்ல வாடிரும். மல்லிகைப்பூ மாதிரி வாசனை. எனக்கு வந்துச்சுங்க! ஹெல்மெட்டைக் கழட்டாம நின்னு கண்ணு கலங்கிட்டேன்.

அங்க களை வெட்டிட்டு இருந்த ஒரு மலையாளி அக்கா (கேரளாக்காரங்க இல்ல, சேர்வராயன் மலைப் பழங்குடி மக்களுக்கே அதான் பேரு) என்னைப் பார்த்துச் சிரிச்சுது. "இந்தப் பூ மணம் ஒண்ணே போதும்க்கா"ன்னேன். "பூத்தா போதுமா சாமி, அடுத்த மழையும் வரணும்ல, வரலன்னா காய் பிடிக்காது, மார்கழில பழம் பறிக்க யாரு எங்கள கூப்பிடுவா"ன்னுச்சு. வாயடைச்சுப் போச்சு எனக்கு.

அதுல இருந்து ஒரு விஷயத்துல பிடிவாதமா இருக்கேன். போதும்ங்கற வார்த்தைய நம்ம இலைக்கு நாமதான் சொல்லிக்கணும். பக்கத்து இலைல பரிமாறும்போது கைய மறிச்சு போதும்னு சொல்றது மன நிறைவு இல்ல, அயோக்கியத்தனம். கூலி சேர்த்துக் கேக்கறவங்ககிட்ட, நாலு நாளைக்கு ஒருவாட்டி வர்ற தண்ணிக்குக் குடத்தோட நிக்கறவங்ககிட்ட, இருக்கறத வச்சு சந்தோஷமா இருங்கன்னு ஏசி ரூம்ல இருந்து சொல்றவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திட்டு வருது. அதே சமயம் எனக்குன்னு வரும்போது, கடுகு தாளிக்கற வாசனை வாசல் வரைக்கும் வந்தா செருப்பு மாட்டுற கால் ஒரு நிமிஷம் நிக்கத்தான் செய்யுது, பஸ் போனாலும் பரவால்லன்னு.

நேத்து மறுபடியும் பால் தீய்ஞ்சு போச்சு. இந்தத் தடவை மொட்டை மாடில துணி காயப்போட்டுட்டு இருந்த எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது, ஓடி வந்து அடுப்பை அணைச்சேன். பாத்திரம் தேய்க்கற வீட்டம்மாவுக்கு எரிச்சல், "இதுக்கு எதுக்குங்க பல்லைக் காட்டறீங்க"ங்கறா.