துரு கதவுத் தகட்டில் வராது, சேசியில்தான் வரும்

லான்ட் ரோவர் சீரிஸ் 2ஏ வண்டியின் 1/24 அளவு (24இல் ஒரு பங்கு) மாதிரியைப் பழைய வண்டிபோலக் காட்ட, கதவு, மட்காட் எல்லாவற்றிலும் துரு நிறம் பூசச் சொல்கிறது ஒரு கட்டுரை. அது பிழை. 1948இல் முதல் வண்டி வந்தபோது இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு. அதனால் வண்டியின் வெளி உடலைப் பேர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். பெயின்ற் உரிந்த இடத்தில் மங்கிய வெள்ளி நிறம்தான் தெரியவேண்டும். துரு முக்கியமாக வருவது சேசியிலும் (வண்டியின் அடிச்சட்டம்), டாஷ்போட் இருக்கும் இரும்புச் சட்டத்தின் கால் வைக்கும் பகுதியிலும்தான்.

மாதிரியின் பெட்டியில் எழுதிய அளவை நம்பாமல் அச்சுக்கு அச்சு அளந்து பாருங்கள்: உண்மையில் அச்சுக்கு அச்சு 88 அங்குலமான வண்டி மாதிரியில் 93 மி.மீ., 109 அங்குலம் 115 மி.மீ. 1965 வண்டி என்றால் முன்விளக்குகள் நடுவில், கிறில் பக்கமாக இருக்கவேண்டும். மட்காட்டுக்குப் போனது 1960களின் கடைசியில்.

மட்டக்களப்பில் மார்கழி மழைக்குள் லக்கர் (வேகமாகக் காயும் பெயின்ற்) ஸ்பிறே அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதில் உள்ள தின்னர் (கரைப்பான்) சட்டென்று ஆவியாகி மேற்பரப்பு குளிர, காற்றின் ஈரம் அதில் படிகிறது. மெதுவாகக் காயும் ரிட்டாடர் தின்னரை மட்டும் மெல்லிசாக அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

மாதிரியில் அம்பாறைக் கிரவல் ரோட்டுத் தூசி வேண்டுமானால் மண்ணை அரைத்து, நைலோன் துணியில் சலித்துத் தடவுங்கள். சலிக்காவிட்டால் மணிகள் கல்லாகத் தெரியும். மற் (பளபளப்பில்லாத) வார்னிஷ் முதலில், தூசி கடைசியில். மாற்றிச் செய்தால் தூசியின் நிறம் கறுத்துப்போகும்.